போனில் கேட்ட சல்லடை

தனியாகத் தொழில் தொடங்கிய முதல் வருடத்தில் முற்பகல் என் கையை விட்டு நழுவிக்கொண்டே இருந்தது. தென்காசியில் கோயிலுக்குப் பின்னால் இருக்கும் ஒரு தெருவில், எங்கள் வீட்டு மாடி அறையில் தையல் மிஷின் போட்டிருந்தேன். நைட்டி, உள்பாவாடை, பள்ளிக்கூடச் சீருடை. வீட்டுக்காரர் பஸ் கண்டக்டர். விடியும் முன்பே டூட்டிக்குப் போய்விடுவார். மகள் கோயம்புத்தூரில் விடுதியில் தங்கிப் படிக்கிறாள். துணியை விரிப்பேன், சாக்கட்டியால் கோடு போடுவேன், ஒரு வாய் காப்பி போடலாம் என்று எழுந்து போவேன். திரும்பி வரும்போது வெயில் ஜன்னலைக் கடந்து போயிருக்கும். நடுவில் என்ன செய்தேன் என்று யோசித்தால் எதுவும் நினைவுக்கு வராது. ராத்திரி டைரி எழுத உட்கார்ந்தால் எழுதுவதற்கு அன்றைய காற்றும் மேகமும்தான் மிஞ்சும்.

அதற்கு முன் பல வருடம் ஒரு ஜவுளிக்கடையின் தையல் பிரிவில் வேலை பார்த்தேன். மேலாளர் சத்தமில்லாமல் பின்னால் வந்து நிற்பார். திரும்பிப் பார்க்காமலே என் பின்கழுத்துக்கு அது தெரியும். அந்த உணர்ச்சியை வெறுத்துத்தான் வேலையை விட்டேன். விட்ட பிறகு, அது இல்லாமல் என் கை ஓடவில்லை.

அந்தச் சமயத்தில் சொந்தத் தொழில் செய்யும் பெண்களுக்கு ஒரு கல்யாண மண்டபத்தில் ஒருநாள் பயிற்சி நடந்தது. பேச வந்த அம்மா விளம்பரம், பேக்கிங், ஆன்லைன் என்று நிறையச் சொன்னார். எனக்குத் தங்கியது ஒன்றுதான்.

"நமக்கு மொதலாளி கெடையாதுன்னு சந்தோசப்படுதீங்க. கேக்க ஆளே கெடையாதுங்கதையும் கொஞ்சம் யோசிங்க. பக்கத்துல இருக்கவங்களத் திரும்பிப் பாருங்க. இன்னைலருந்து நீங்க அவங்களுக்குப் பதில் சொல்லணும், அவங்க உங்களுக்குப் பதில் சொல்லணும்."

என் பக்கத்தில் இருந்தவள் என்னைவிடச் சில வயது இளையவள். குற்றாலத்தில் லாட்ஜுகளுக்குப் பின்னால் ஒரு மாடி அறை எடுத்து, கஸ்தூரி மஞ்சள், பூலாங்கிழங்கு, பச்சைப்பயறு, ஆவாரம்பூ எல்லாம் அரைத்துக் குளியல் பொடி தயாரிக்கிறாள். சீசனில் அருவிக்குப் போகிற வழியில் உள்ள கடைகளுக்குக் கொடுப்பாள். மற்ற மாதங்களில் பார்சல் அனுப்புவாள். கல்யாண வாழ்க்கை ஒத்துவராமல் திரும்பி வந்தவள்.

"எக்கா, நீ என்னைய ஏசுவியா?" என்று கேட்டாள்.

"வேலை செய்யலைன்னா ஏசுவேன்."

"அப்பம் சரி. எங்க அண்ணன் ஏசுனா எனக்கு ஆங்காரம் வருது. நீ ஏசுனா கேட்டுக்கிடுதேன்."

அண்ணன் ஆலங்குளத்தில் மோட்டார் பம்ப் சாமான்கள் விற்கிறவர். நல்லவர்தான் என்று அவளே சொன்னாள். ஆனால் அவர் கெடு வைத்திருந்தார். கார்த்திகையில் ஐயப்பசாமிமார் கூட்டம் வரும்போது வியாபாரம் நிமிர வேண்டும். நிமிரவில்லை என்றால் அறையைக் காலி செய்துவிட்டு அவர் வீட்டுக்கு வந்துவிட வேண்டும்.

"சோறு போடுவாவ. சேலை எடுத்துக் குடுப்பாவ. சாகுத வரைக்கும் மைனி வீட்டு அடுப்படிய விட்டு வெளிய வர முடியாது, அவ்வளவுதான்" என்று மண்டபத்து மதியச் சாப்பாட்டில் சாம்பார் சோற்றைப் பிசைந்துகொண்டே சொன்னாள். சிரித்தபடிதான் சொன்னாள்.

முதலில் காலையிலும் சாயங்காலமும் மெசேஜ் அனுப்பினோம். அது சரிப்படவில்லை. செய்யாத வேலைக்கும் கட்டைவிரல் படம் அனுப்பிவிடலாம் என்று ஒரே வாரத்தில் இருவரும் கண்டுகொண்டோம். போனைக் கட் பண்ணாமல் வைத்துக்கொள்ளலாம் என்ற யோசனை அவளுடையது. எவ்வளவு நேரம் பேசினாலும் ரீசார்ஜ் ஒன்றுதானே. காலையில் அவள் கூப்பிடுவாள். இன்று என்னென்ன முடிப்பேன் என்று அவள் சொல்வாள், நான் சொல்வேன். பிறகு இருவரும் ஸ்பீக்கரில் போட்டுப் போனை அலமாரியில் சாய்த்துவிட்டு வேலையில் இறங்குவோம். பேச்சு கிடையாது. நான் தைப்பது அவளுக்குக் கேட்கும், அவள் சலிப்பது எனக்குக் கேட்கும். என் மிஷின் ரொம்ப நேரம் நின்றால் "எக்கா?" என்று ஒரு வார்த்தை வரும். உடனே பெடலில் கால் வைப்பேன். சாயங்காலம், முடித்தது என்ன, முடிக்காதது என்ன என்று சொல்லிவிட்டுக் கட் பண்ணுவோம்.

வெளியாளுக்கு இது பைத்தியக்காரத்தனமாகத் தெரியும். என் வீட்டுக்காரர் லீவில் இருந்த ஒருநாள் அறைக்குள் வந்துவிட்டு, "வீட்டுக்குள்ள யாரோ மாவு சலிக்காவளே, யாரு?" என்று அடுப்படி வரை போய்ப் பார்த்துவிட்டு வந்தார்.

ஆனால் என் முற்பகல் திரும்பி வந்தது. வெட்டியதை அன்றைக்கே தைத்தேன். தைத்ததை அன்றைக்கே இஸ்திரி போட்டு மடித்தேன். பஸ் ஸ்டாண்டு பக்கம் ஒரு கடைக்கு மட்டும் கொடுத்துக்கொண்டிருந்தவள், சொன்ன நாளில் சரக்குப் போவதால் இன்னொரு கடைக்கும் கொடுத்தேன். பிறகு செங்கோட்டையில் ஒரு பெரிய கடை தீபாவளிக்கு நைட்டி கேட்டது. நான் இதுவரை தொடாத அளவு. ஒப்புக்கொள்ளும் முன் அவளிடம்தான் கேட்டேன்.

"வாங்குக்கா. நான் இருக்கேன்லா" என்றாள்.

ஆனியில் சாரல் தொடங்கியது. ஆடி, ஆவணி கழிந்து குற்றாலம் காலியானது. புரட்டாசியில் அந்த ஊரைப் பார்த்தவர்களுக்குத் தெரியும். லாட்ஜ் வரிசை முழுக்க ஷட்டர் இறங்கியிருக்கும். மனிதர்கள் நடந்த இடத்தில் குரங்குகள் உட்கார்ந்திருக்கும். அவள் தனியாக அந்த நடுவில் இருந்தாள். "பயமா இல்லையா" என்று ஒருநாள் கேட்டேன். "ஒன் மிஷின் ஓடுதுல்லா" என்றாள்.

தீபாவளிச் சரக்கு பாதி முடிந்திருந்த சமயம். காலையில் போன் வந்தது. "இங்கன நல்ல வெயிலுக்கா, மொட்டைமாடில கால் வைக்க முடியல" என்றாள். பொடி சலித்துப் பாக்கெட் போடுவதாகச் சொன்னாள். வேலை தொடங்கியது. கொஞ்ச நேரம் கழித்து, அவள் அறைக்கு மேலே தகரத்தில் சாரல் விழும் சத்தம் கேட்டது. சன்னமாக, விட்டுவிட்டு. மலையடிவாரத்தில் வெயிலும் மழையும் மாறி மாறி வருவது சகஜம்தான். நான் தைத்தேன்.

மறுநாளும் வெயில் என்றாள். மறுநாளும் தகரத்தில் சாரல் விழுந்தது.

அந்த நாட்களில் இன்னொன்றும் என் காதில் பட்டது. முன்பெல்லாம் அவள் "எக்கா?" என்று கேட்கும்போது சல்லடை நின்றுவிடும், கேட்டுவிட்டுத்தான் மறுபடி ஓடும். இப்போது சல்லடை ஒரே சீராக ஓடிக்கொண்டிருக்க, அதன் மேலேயே "எக்கா?" என்று குரல் வந்தது. அந்த அறையில் இரண்டு பேர் இருப்பதுபோல. ஒருத்தி சலிக்கிறாள், ஒருத்தி என்னைக் கவனிக்கிறாள். கூட யாராவது ஒத்தாசைக்கு வந்திருக்கிறார்களா என்று சாயங்காலம் கேட்டேன்.

"யாரு வருவா இந்தக் காட்டுக்கு?" என்றாள்.

பிறகு அந்த மூடி. எவர்சில்வர் தூக்கின் மூடி கைதவறித் தரையில் விழுந்து, வட்டமாகச் சுற்றிச் சுற்றி அடங்கும் சத்தம். உடனே அதை ஏசும் அவள் குரல், "சவத்த!" முதல்முறை கேட்டபோது சிரித்தேன். அடுத்த நாளும் மூடி விழுந்தது, அதே வார்த்தை வந்தது. கை ஓயாமல் சலிக்கிறாள், அசந்துபோகிறாள் என்று நினைத்துக்கொண்டேன். அதற்கும் அடுத்த நாள் நான் ஒரு நைட்டிக்குக் கழுத்துப்பட்டி வைத்துக்கொண்டிருந்தேன். கழுத்துப்பட்டி வைக்கும்போது நடுவில் நிறுத்தமாட்டேன். ஆனால் என் கால் தானாகப் பெடலிலிருந்து எழுந்தது. ஏன் எழுந்தது என்று நான் கீழே குனிந்து பார்க்கும்போது மூடி விழுந்தது. சுற்றியது. அடங்கியது. "சவத்த!"

மூடி விழப்போவது என் காலுக்கு முன்கூட்டியே தெரிந்திருக்கிறது.

நான் அசையாமல் உட்கார்ந்திருந்தேன். அடுத்து என்ன வரும் என்று எனக்குத் தெரிந்திருந்தது. அவள் இருமுவாள். இருமினாள். தகரத்தில் குரங்கு ஓடும். ஓடியது. "ச்சூ, போ" என்பாள். என்றாள். பாக்கெட் ஒட்டும் மிஷின் டக், டக் என்று அமுங்கும். அமுங்கியது. என் பின்கழுத்தில், ஜவுளிக்கடையில் மேலாளர் வந்து நிற்கும்போது உணர்வேனே, அது இருந்தது. திரும்பிப் பார்த்தேன். பின்னால் மடித்து வைத்த துணிகள்தான் இருந்தன.

அப்போதுகூட உண்மை எனக்குப் பிடிபடவில்லை. எதற்காவது விளக்கம் இருக்கும், வேலையை முடிப்போம் என்று விளிம்பு மடக்குவதற்குக் குண்டூசிகளை எடுத்து உதட்டில் கடித்துக்கொண்டேன். அந்த நிலையில் நான் மூச்சுகூட மூக்கால்தான் விடுவேன்.

அலமாரியில் இருந்த போனுக்குள்ளிருந்து, சல்லடைச் சத்தத்துக்குப் பின்னால், தூரத்தில் ஒரு பெண் கூப்பிட்டாள். "ஏ கீரைக்காரம்மா! நில்லு, வருதேன்!"

அது என் குரல்.

தெருவில் கீரைக்காரம்மா வரவில்லை. எட்டிப் பார்த்தேன், தெரு காலியாக இருந்தது. என் வாயில் குண்டூசிகள் இருந்தன. ஆனால் நான் கூப்பிட்டுவிட்டுப் படியிறங்கும் செருப்புச் சத்தம் போனில் கேட்டது. பிறகு என் மிஷின் அங்கே ஓட ஆரம்பித்தது. இங்கே அது நின்றிருந்தது.

ஊசிகளை ஒவ்வொன்றாக எடுத்து ஊசித் திண்டில் குத்தினேன்.

"ஏட்டி" என்றேன். "ஏட்டி, இருக்கியா?"

சல்லடை ஓடியது.

"ஒனக்கு ஒண்ணும் இல்லையே? பதில் சொல்லு."

டக், டக் என்று பாக்கெட் ஒட்டும் சத்தம் வந்தது. பதில் வரவில்லை.

போனைக் கட் பண்ண எனக்குத் தைரியம் வரவில்லை. கட் பண்ணினால் அங்கே ஏதோ ஒன்று நிஜமாகவே நின்றுபோகும் என்று தோன்றியது. அப்படியே கைப்பைக்குள் போட்டுக்கொண்டு, அறையைப் பூட்டி, குற்றாலம் பஸ்ஸில் ஏறினேன். பஸ்ஸில் கூட்டமில்லை. பக்கத்தில் இருந்த வயதான அம்மா கொஞ்ச நேரம் பொறுத்துப் பார்த்தாள்.

"என்னம்மா, பைக்குள்ள என்னமோ பெறாண்டிக்கிட்டு கெடக்கு? எலி கிலி பூந்துட்டா?"

"போனுதான் ஆச்சி."

"போனா? யாரோ இருமுதாவளே?"

"ஆமா, இருமுதா" என்றேன். அந்த அம்மா ஜன்னல் பக்கம் நகர்ந்து உட்கார்ந்துகொண்டாள்.

இறங்கி லாட்ஜுகளுக்குப் பின்னால் நடந்தேன். நல்ல வெயில். தரை காய்ந்து வெளுத்திருந்தது. ஆனால் என் பைக்குள் சாரல் பெய்துகொண்டிருந்தது. அவள் அறைக்குப் போகும் இரும்புப் படியில் ஏறும்போது இன்னொன்றைக் கவனித்தேன். சல்லடைச் சத்தம் மேலே கதவுக்குப் பின்னாலிருந்தும் வந்தது, என் பையிலிருந்தும் வந்தது. கதவுக்குப் பின்னால் முதலில், பையில் சற்றுப் பிந்தி. ஒருத்தி சலிக்க, இன்னொருத்தி அவளைப் பார்த்துச் சலிப்பதுபோல.

கதவைத் தட்டினேன். சல்லடை நிற்கவில்லை. நிற்காமலே கதவு திறந்தது.

அவள் நின்றாள். தலை வாரி, பூ வைத்து, நெற்றியில் பொட்டு வைத்து, ஒழுங்காக இருந்தாள். அவள் கையில் ஒன்றுமில்லை. அவளுக்குப் பின்னால் யாரோ சலித்துக்கொண்டே இருந்தார்கள்.

"பஸ்ஸு ஏறுனது கேட்டுச்சு" என்றாள் அவள். "அந்த ஆச்சிகிட்ட நீ பேசுனதும் கேட்டுச்சு. படி ஏறுததும் கேட்டேன்."

"கேட்டேல்லா? நான் கூப்பிட்டப்பம் வாயில என்ன வச்சிருந்த?"

"வாயத் தொறந்தா அழுதுருவேன்க்கா."

உள்ளே ஒரு ஸ்டூலில் இரண்டு போன்கள் முகத்தோடு முகம் சாய்த்து வைக்கப்பட்டிருந்தன. ஒன்று என்னோடு பேசிக்கொண்டிருப்பது. இன்னொன்று, கண்ணாடி கீறிய பழைய போன்; அதிலிருந்துதான் சாரலும் குரங்கும் இருமலும் வந்துகொண்டிருந்தன. உண்மையான சல்லடை சுவரில் ஆணியில் தொங்கியது. தொட்டுப் பார்த்தேன். அதில் பொடியே இல்லை, தூசிதான் இருந்தது. ஸ்டூலுக்கு எதிரில் ஒரு நாற்காலி போட்டிருந்தாள். அவள் நாள் முழுக்க எங்கே உட்கார்ந்திருக்கிறாள் என்று தெரிந்தது.

பழைய போனை அணைக்கக் கை நீட்டினேன்.

"வேண்டாம்க்கா, நிப்பாட்டாத" என்றாள் அவசரமாக. "நின்னா ரூம்பு சும்மா கெடக்கும்."

நான் நிறுத்தினேன். அவள் சொன்னது சரிதான். அந்த அறையின் அமைதி காதை அடைத்தது. என் கைப்பைக்குள் ஒரு நொடி பிந்திச் சல்லடை நின்றது.

அவளை நாற்காலியில் உட்காரவைத்து, நான் தரையில் உட்கார்ந்து கேட்டேன். கொஞ்சம் கொஞ்சமாகச் சொன்னாள்.

அந்தச் சத்தம் ஆனி மாதத்தில் ஒருநாள் பதிவு செய்தது. அண்ணன் போனில், "அங்கன இருந்து என்னதான் செய்யுத, தூங்குதியா" என்று கேட்டிருக்கிறார். கோபத்தில் ஒரு முற்பகல் முழுவதையும் பழைய போனில் பதிவு செய்து, அவருக்கு அனுப்ப வைத்திருந்தாள். அன்று நான் ஸ்பீக்கரில் இருந்ததால் என் மிஷினும், கீரைக்காரம்மாவை நான் கூப்பிட்டதும் அதில் விழுந்துவிட்டன. அனுப்பவில்லை. அதற்குள் பொடி கெட்டுவிட்டது.

"எப்படிட்டி கெட்டுச்சு?"

எழுந்துபோய் ஒரு டிரம்மின் மூடியைத் திறந்தாள். மக்கின வாடை வந்தது. பொடி கட்டிகட்டியாக, நூலாம்படை பிடித்து, உள்ளே வண்டு ஊர்ந்தது. சீசனில் கடைகளுக்குக் கொடுத்த பாக்கெட்டுகளும், பார்சலில் போனவையும் இப்படித்தான் திரும்பி வந்தனவாம்.

"சாரல்ல கெழங்கு காயலக்கா. ஃபேன் காத்துல போட்டேன். உள்ள ஈரம் இருந்துச்சு. எனக்குத் தெரியும்."

"தெரிஞ்சுமா அரைச்ச?"

"காலைல ஒங்கிட்ட சொல்லிட்டேன்லா, இன்னைக்குப் பாக்கெட் போட்டு முடிச்சிருவேன்னு. சாயங்காலம் நீ 'முடிச்சியா'ன்னு கேப்ப. முடிக்கலைன்னு சொல்ல மனசு வரல. ஈரத்தோட கட்டிட்டேன்."

நாங்கள் ஒருவரை ஒருவர் தினமும் கேட்டது அந்த ஒரு கேள்விதான். முடிந்ததா? எப்படி முடிந்தது என்று ஒருநாளும் கேட்டதில்லை. என்னை நிமிர்த்திய அதே கேள்வி அவளை ஈரப்பொடியைக் கட்ட வைத்திருக்கிறது.

"பொறவு சல்லடையத் தொட்டாலே கை வெறைக்கும். ஒங்கிட்ட சொன்னா நீயும் போன வச்சிருவ. நீ வச்சிட்டா இங்கன யாரு இருக்கா?"

"அப்பம் இத்தன நாளும் நாள் பூரா என்ன செஞ்ச?"

"ஒன்னையக் கேட்டுக்கிட்டு இருந்தேன்." சாதாரணமாகச் சொன்னாள். "ஒனக்குப் பாபின்ல நூல் தீரப்போவது எனக்கு முன்னாலயே தெரியும்க்கா. சத்தம் லேசாயிரும். நீ கழுத்துப்பட்டி வைக்கும்போது மூச்ச அடக்குத. கை தைக்கும்போது தன்னால பேசுத. நேத்து நீ ரொம்ப நேரம் அழுத."

நான் அழுததை என் வீட்டுக்காரர்கூட அறியமாட்டார். மகள் தீபாவளிக்கு வரமாட்டேன் என்று சொல்லியிருந்தாள். வேலை செய்கிற ஒருத்தி எனக்குத் துணை இருப்பதாக நினைத்து நான் தைத்திருக்கிறேன். அந்த அறையில் அப்படி ஒருத்தி இல்லை. வேறு வேலையே இல்லாமல் என் மூச்சை மட்டும் கவனித்துக்கொண்டு ஒருத்தி உட்கார்ந்திருந்தாள். அந்த நாட்களில்தான் நான் என் வாழ்க்கையிலேயே மிகச் சுத்தமாகத் தைத்தேன். செங்கோட்டைக் கடைக்காரர் ஒரு உருப்படியைக்கூடத் திருப்பவில்லை.

"மூதி" என்றேன்.

"ஏசுக்கா. ஏசுவேன்னு சொல்லித்தான சேந்தோம்." அப்போதுதான் அழுதாள்.

அழுது முடிக்கும் வரை இருந்தேன். டீ போட்டுக் கொடுத்தாள். குடிக்கும்போது, ஏற்கெனவே எனக்குத் தெரிந்திருக்க வேண்டிய ஒன்றைக் கேட்டேன். இந்த ஊர் ஈரத்தில் அடுத்த சீசனிலும் கிழங்கு காயுமா?

"காயாது" என்றாள். "காயணும்னா மழை மறைவா இருக்கணும். வெயில் நின்னு அடிக்கணும்." நிறுத்தினாள். "ஆலங்குளம் மாதிரி."

"அப்பம் அங்கன போயேன்."

"அங்கன போனா அண்ணன் வீட்டு அடுப்படிதாம்க்கா. அதுக்குத்தான இந்தப் பாடு?"

"அண்ணன் வீட்டுக்கு ஏன் போற? ஆலங்குளத்துக்குப் போ. ஆலங்குளம் என்ன ஒங்க அண்ணன் வீடா?"

அவள் டம்ளரைக் கீழே வைத்தாள். அந்த ஊரும் அந்த வீடும் அவள் மனசில் ஒன்றாகவே இருந்திருக்கின்றன. கார்த்திகைக்குப் பயந்து பயந்து, தன் பொடிக்கு ஏற்ற வெயில் எங்கே அடிக்கிறது என்று தெரிந்தும் அந்தத் திசையைப் பார்க்காமலே இருந்திருக்கிறாள்.

நான் இருக்கும்போதே அண்ணனைக் கூப்பிட்டாள். ஸ்பீக்கரில் போட்டாள். பொடி கெட்டதை முதல் வாக்கியத்திலேயே சொன்னாள்.

"நான் அப்பமே சொன்னேம்லாட்டி" என்றார் அவர். "சாமானக் கட்டு. வண்டி கொண்டாரேன். ஒங்க மைனி மாடி ரூமத் தூத்து வச்சிருக்கா."

"மாடி ரூம் வேண்டாம்ண்ணே. மெயின் ரோட்டுல எனக்கு ஒரு ரூம் பாரு. மொட்டைமாடி வேணும், வெயில் படணும். வாடகை நான் குடுப்பேன். தங்குததும் அங்கனதான்."

போன் கட்டாகிவிட்டதோ என்று எடுத்துப் பார்த்தாள்.

"ஊரு என்ன சொல்லும்?" என்றார் கடைசியில்.

"பொடி நல்லாருக்குன்னு சொல்லும்."

ஊருக்குத் திரும்பிய மறுநாள் நாங்கள் போனைத் திறக்கவில்லை. அவள் டிரம்களைக் கொட்டிக் கழுவிக்கொண்டிருந்தாள். என் அறை வெறிச்சென்று இருந்தது. முற்பகலில் ஒருமுறை என் கால் பெடலிலிருந்து எழுந்தது. நான் காத்திருந்தேன். எதுவும் விழவில்லை. வெகுநாட்களுக்கு அந்த நேரத்தில் கால் எழுந்துகொண்டேதான் இருந்தது.

அவள் ஆலங்குளம் போனதும் மறுபடி தொடங்கினோம், ஒழுங்கை மாற்றிக்கொண்டு. சாயங்காலம் முடிந்ததைச் சொல்லும் முன்னால், அன்றைக்கு எது சரியில்லை என்று சொல்ல வேண்டும். இதைச் சொல்வது இன்னும் எங்களுக்குக் கூச்சமாகத்தான் இருக்கிறது. ஆனால் கிழங்கு காயாத நாளில் "காயல, அரைக்கல" என்று சொல்ல அவள் பழகிவிட்டாள். நானும் கோணிப்போன தையலை மறைக்காமல் சொல்லி, மறுநாள் பிரித்துத் தைக்கிறேன். அவளது புது அறை ஒரு பாத்திரக்கடையின் மாடியில் இருக்கிறது. போனில் திருநெல்வேலி பஸ்களின் ஹாரன் ஓயாமல் கேட்கிறது. தினமும் வேறு வேறு மாதிரி கேட்கிறது. கார்த்திகையில் குற்றாலம் கடைகளுக்கு அவள் கொடுத்தது கொஞ்சம்தான். அந்தக் கொஞ்சம் திரும்பி வரவில்லை.

தை மாதத்தில் ஒருநாள் நல்ல வேலையில் இருந்தேன். சல்லடைச் சத்தம் நின்று ரொம்ப நேரமாகிவிட்டது. ஆனால் அவள் அறையில் ஆள் இருக்கும் அரவம் கேட்டது. நாற்காலி கிரீச்சிட்டது, கனமான மூச்சு வந்தது. மிஷினை நிறுத்தினேன்.

"என்ன, சத்தத்தையே காணும்?" என்றேன்.

"யாத்தே!" என்று ஒரு ஆண்குரல் அலறியது. நாற்காலி சாய்ந்தது. "யாரு? யாருளா அது?"

நான் பதில் சொல்வதற்குள் படியேறி வரும் கால் சத்தமும் அவள் குரலும் கேட்டன. "என்னண்ணே, பேயப் பாத்த மாதிரி நிக்க?"

"ஏட்டி, இந்த ரூம்புல யாரோ இருக்கா. மிஷின் ஓடுத சத்தம் கேட்டுச்சு. நானும் கீழ கடைல ஏதோன்னு இருந்தேன். சட்டுனு நின்னுது. பொறவு எங்கிட்ட கேள்வி கேக்குது!"

"அது எங்க எக்கா. தென்காசில இருக்கா. சும்மா இருந்தா கேக்கும்."

"நான் சும்மாதாம்ட்டி இருந்தேன். நீ பார்சல் குடுக்கப் போனேன்னு ஒக்காந்துருந்தேன்."

"அதான் கேட்டுருக்கு."

அவர் அலமாரிப் பக்கம் வந்து போனை உற்றுப் பார்க்கிறார் என்று மூச்சிலிருந்து தெரிந்தது. "நாள் பூரா இப்படியேவா இருப்பிய ரெண்டு பேரும்?" என்று தணிந்த குரலில் கேட்டார்.

"ஆமா."

"எதுக்கு?"

அவள் எதையோ எடுத்து அவர் கையில் கொடுக்கும் அரவம் கேட்டது. நான் பெடலில் கால் வைத்தேன். சற்று நேரம் கழித்து அங்கே சல்லடை ஓட ஆரம்பித்தது. பழக்கமில்லாத, கனத்த ஆண் கை. தாளம் தப்பித் தப்பி விழுந்தது.

"மெதுவாண்ணே, பொடி பறக்குது" என்றாள் அவள்.